செயலாளர் ஆண்டறிக்கை 2024-25

தலைவர் அண்ணாவுக்கும், கோவை திருப்பூர் ஈரோடு பொள்ளாச்சின்னு எல்லாப் பக்கமிருந்தும் வந்திருக்கற, பிளாஸ்டிக் விமான மாடல் செய்யற நண்பர்களுக்கும் வணக்கமுங்க. வரவு செலவு பொருளாளர் தனியா படிப்பாருங்க. மாசக் கூட்டமெல்லாம் நடந்துச்சு, மழைக்கு ஒன்னு தள்ளிப்போச்சு. சந்தா பாக்கி இருக்கறவங்க இன்னைக்கே குடுத்துருங்க.

சூலூர் விமானப்படைத் தளம் பக்கத்துலயே இருக்கறதால நம்மாளுங்க எப்பவும் தேஜஸ் போர் விமானம், இல்லாட்டி வானத்துல சாகசம் காட்டற சாரங் டீமோட துருவ் ஹெலிகாப்டர்னு தான் செய்வாங்க, இந்த வருசம் தான் மொத உலகப்போர் விமானத்துப் பக்கம் திரும்புனோம், அதுலயும் 1917-ல பறந்த ஜெர்மன்காரங்க அல்பட்ராஸ் தான் நெறைய பேரு எடுத்தாங்க. அதோட உடம்பு முழுக்க ப்ளைவுட், மேல வார்னிஷ். அந்த மரத்த பிளாஸ்டிக் மேல பெயிண்ட்ல கொண்டு வரணும். இதப்பத்தி கொஞ்சம் வெவரமா சொல்லணுமுங்க.

நம்ம ஊர்ல மரம்னா கண்ணு தேக்கத் தான் தேடும், ஆனமலைத் தேக்குக் கதவப் பாத்தே வளந்தவங்க நாம. அதனால பிரஷ்ஷ எடுத்தா கை தானா அடர் பழுப்புல பட்ட பட்டயா வரி போடுது. அல்பட்ராஸ் ப்ளைவுட்டு பிர்ச் மரமுங்க, வெளுத்த மரம், ரேகை கண்ணுக்குத் தெரியறதே கொஞ்சந்தான். இன்னொன்னு, 1/48 அளவுல, அதாவது நெச விமானத்துல 48-ல ஒரு பங்குல, நீங்க 1 மி.மீ. அகலத்துல ஒரு கோடு போட்டா நெசத்துல அது 48 மி.மீ. அகலம், அப்படி ரேகை ஓடற ப்ளைவுட்ட யாருங்க பாத்தது?

பொள்ளாச்சித் தம்பி ஒருத்தரு செஞ்சு காட்டுனத எல்லாரும் சுத்தி நின்னு பாத்தோம். அடியில அக்ரிலிக் பஃப்னு வெளுத்த மஞ்சப்பழுப்புக் கலரு, நல்லா காஞ்ச பொறவு ரா சியன்னாங்கற மஞ்சப்பழுப்பு ஆயில் பெயிண்ட்டுல துளி பர்ன்ட் அம்பர்ங்கற அடர் பழுப்பு கலந்து, அதையும் அட்டை மேல பிதுக்கி வெச்சு எண்ணெய் உறிஞ்ச வுட்டுட்டு தான் எடுத்தாரு. மெல்லிசா தடவி, முக்காவாசி தொடச்சுட்டு, காஞ்ச தட்ட பிரஷ்ஷ ஒரே பக்கமா இழுத்தாரு, கையில அழுத்தமே இல்லைங்க, பிரஷ் நுனி மட்டும் தான் தொட்டுது. ஒரு பலகைய டேப் ஒட்டி முடிச்சுட்டு தான் பக்கத்துப் பலகை, அதுக்கு கலவைய துளி மாத்திக்கிட்டாரு. தனித்தனி ப்ளைவுட் ஷீட்டு அடிச்ச மாதிரி தெரிஞ்சது அந்த நெற வித்தியாசத்துலதான். ஆயில் பெயிண்ட் ஆக்சிஜனோட சேந்து தான் இறுகுது, அதனால காத்தே போகாம டப்பாவுல பூட்டி வெக்காதீங்க, தூசி மட்டும் படாம பாத்துக்கங்க, நாள் ஆனாலும் பொறுத்துக்கங்க. கடைசியா அடி தெரியற கிளியர் யெல்லோ பெயிண்ட்டுல ஒரு சொட்டு கிளியர் ஆரஞ்சு கலந்து ஸ்பிரே பண்ணுனா வார்னிஷ் வந்துருது.

ப்ரொப்பெல்லருக்கு திருப்பூர் அக்கா ஒருத்தரு டேப்ப இழை இழையா கீறி, வெளுப்பும் கருப்புமா மர அடுக்க மாத்தி மாத்தி காட்டுனாங்க. பிளேடு முறுக்கற எடத்துல கோடும் கூடவே வளையணும், அத அவங்க வுடவே இல்லைங்க. எனக்கு இந்த வருசத்துல ரொம்பப் புடிச்ச வேல அதுதான்.

விங்நட் விங்ஸ்ங்கற மாடல் கிட்டு கம்பெனி 2020-ல மூடுனதுக்கப்பறம் அவங்க 1/32 கிட்டு வெல எட்டாத எடத்துக்குப் போயிருச்சு, புதுசா வர்றவங்க எடுவார்ட் கம்பெனி 1/48 கிட்டுல ஆரம்பிங்க.

அடுத்த கண்காட்சியில மர வேலைக்கு மார்க் போடும்போது வரி எவ்வளவு பளிச்சுன்னு இருக்குதுன்னு பாக்காம, பலகைக்குப் பலகை நெறம் மாறுதா, ரேகை அளவுக்குப் பொருந்துதான்னு பாக்கணும்னு தீர்மானமா முன்மொழியறேனுங்க. யாராச்சும் வழிமொழிஞ்சா இன்னைக்கே நோட்டுல ஏத்திரலாம்.