கோழிக்குஞ்சுகளுக்குப் பேர் வைத்த அக்காவுக்கு

அன்புள்ள உறவுகளே, நண்பர்களே,

மகளை வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். பட்ட பாட்டைத் திரும்ப எழுத மனசு வரவில்லை, உங்களுக்கே எல்லாம் தெரியும். இரத்தம் கொடுத்தவர்கள், பணம் அனுப்பியவர்கள், ராத்திரி முறை வைத்துத் துணைக்கு இருந்தவர்கள், மருத்துவர்கள், செவிலியர்கள், எங்கிருந்தோ எங்களுக்காக வேண்டிக்கொண்டவர்கள், அத்தனை பேருக்கும் கைகூப்பி நன்றி.

இன்னொருவரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வார்டைத் துடைக்க வரும் அக்கா. மகள் யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்தே படுத்திருந்த நேரம் அது. மாப்பை இழுத்துக்கொண்டே அக்கா தன்பாட்டுக்கு ‘கோழி ஒரு கூட்டிலே’ பாடினார். 1965இல் வந்த ‘குழந்தையும் தெய்வமும்’ படப் பாட்டு. எம்.எஸ்.விஸ்வநாதன் இசை, எம்.எஸ்.ராஜேஸ்வரி குரல். பிரிந்துபோன பெற்றோருக்கு நடுவே தவிக்கும் பிள்ளைகளின் கதை, பாட்டில் அவர்கள் இரண்டு கோழிக்குஞ்சுகள். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. மகளோ மெல்லத் திரும்பி, “ரெண்டு குஞ்சுக்கும் பேர் என்ன?” என்றாள்.

அக்கா சிரிக்கவில்லை. மாப்பைச் சாய்த்து வைத்துவிட்டு யோசித்தார். “ஒண்ணு மணி, இன்னொண்ணு குண்டுமணி.”

“மணி ஊசி போட்டுக்குச்சா?”

“போட்டுக்கிச்சே. கொஞ்சம் அழுதுச்சு, அப்புறம் சரியாயிடுச்சு.”

அழவே இல்லை என்று அவர் சொல்லவில்லை பாருங்கள், அதற்கே ஆயிரம் நன்றி சொல்வேன். அன்றைக்கு மகளும் கொஞ்சம்தான் அழுதாள். அதன்பிறகு அக்கா வரும்போதெல்லாம் குஞ்சுகளைப் பற்றி ஏதாவது ஒரு சேதி இருக்கும்.

அதே படத்தில் பி.சுசீலா பாடிய இன்னொரு பாட்டு, குழந்தையும் தெய்வமும் குணத்தால் ஒன்று என்கிறது. எனக்கு உயிரான பாட்டு. ஆனால் அது பெரியவர்கள் தள்ளி நின்று பிள்ளையைப் பார்த்து உருகும் பாட்டு. நம் சினிமாப் பாட்டில் மழலை பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது, நமக்கு ஆறுதலாக. ராஜேஸ்வரியம்மா பாடும்போது மட்டும் பிள்ளையே வாய் திறக்கிறது. 1960இல் ‘களத்தூர் கண்ணம்மா’வில் சின்னஞ்சிறு கமல்ஹாசனுக்கு ‘அம்மாவும் நீயே’ பாடியதும் அவர்தான். வளர்ந்த ஒரு பெண் அந்த வயதுக்கே இறங்கிப் போய்ப் பாடியிருக்கிறார் என்பதை நினைத்தால் இப்போதும் சிலிர்க்கிறது. எங்களுக்கு வாய்த்த அக்காவும் அப்படித்தான் இறங்கி வந்தார். மகளைத் தெய்வம் என்று கொஞ்சவில்லை, பாவம் என்று உச்சுக்கொட்டவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னார்.

அக்கா, இதை யாராவது உங்களுக்குப் படித்துக் காட்டுவார்கள் என்று நம்புகிறேன். அடுத்த பரிசோதனைக்கு வரும்போது உங்களைப் பார்க்காமல் திரும்ப மாட்டோம். மணிக்கும் குண்டுமணிக்கும் தங்கச்சி பிறந்திருக்கிறதாம். பேரைத் தானே வந்து உங்களிடம் சொல்வேன் என்கிறாள், எங்களிடம் சொல்ல மாட்டாளாம்.