ஏலத்துக்கு முன் மூலைக்காரர்களைப் பற்றி

கிளீவ்லாந்து,
2024 நவம்பர் 24

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிவிட்டது. நிஜ பேஸ்பால் ஆட்டக்காரர்களை ஏலத்தில் எடுத்து, அவர்களுடைய பருவக் கணக்குகளால் புள்ளி சேர்க்கும் நம் கற்பனை லீக்கில், பன்னிரண்டு ஆண்டுகளாக எனக்கு எதிரே உட்கார்ந்து, நான் கண்வைத்த ஆட்டக்காரரையெல்லாம் ஒரு டாலர் கூட வைத்துத் தட்டிக்கொண்டு போனவன் நீ. வரும் ஆண்டு இருவரும் சேர்ந்து ஒரே அணியாக நிற்கலாம் என்று எழுதியிருந்ததைப் படித்தபோது முதலில் சிரிப்புத்தான் வந்தது. வீட்டில் சொன்னேன். "கூட்டாளியா, பங்காளியா என்று முதலிலேயே தீர்மானித்துக்கொள்ளுங்கள்" என்று பதில் வந்தது. அந்த எச்சரிக்கையை மனத்தில் வைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன்.

பந்துவீச்சாளர்களைப் பற்றி நமக்குள் பெரிய வேறுபாடு இருக்காது. நம் சண்டையெல்லாம் களத்தில் முதல் பேஸ், மூன்றாம் பேஸ் என்ற இரண்டு மூலைகளில் நிற்பவர்களைப் பற்றித்தான் வரும். அங்கே அணிக்கு மூன்று பேர் வேண்டும்: முதல் பேஸில் ஒருவர், மூன்றாம் பேஸில் ஒருவர், அவ்விருவரில் எவ்வகையைச் சேர்ந்தவராகவும் இருக்கக்கூடிய மூன்றாமவர் ஒருவர். ஏலத்தில் செலவழிக்க நமக்குள்ள 260 டாலரில் மூன்றில் ஒரு பங்கு இவர்களுக்கே போய்விடுகிறது. ஆகையால் என் வரிசையை நீ கேட்டது சரிதான்.

அதற்கு முன் செப்டம்பர் 29ஐப் பற்றி ஒரு வார்த்தை. வெற்றி பெற்ற நீ அந்த ஞாயிற்றுக்கிழமையை மறந்திருக்கலாம், எனக்கு மறக்கவில்லை. பருவத்தின் கடைசி நாள். நீ 88 புள்ளி, நான் 87.5. ஒவ்வொரு பிரிவிலும் அணிகளின் வரிசைக்கேற்பத்தானே புள்ளி; ஹோம் ரன் (பந்தை மைதான எல்லைக்கு வெளியே அடிப்பது) பிரிவில் இருவரும் சமமாக இருந்ததால், பத்தும் ஒன்பதுமாகப் பிரிய வேண்டிய புள்ளிகள் ஆளுக்கு ஒன்பதரையாக நின்றிருந்தன. ஒரே ஒரு ஹோம் ரன் வந்தால் எனக்கு அரைப் புள்ளி ஏறும், உனக்கு அரைப் புள்ளி இறங்கும், கோப்பை கைமாறும். என் பக்கம் ஹோசே ராமிரஸ் இருந்தார்: 39 ஹோம் ரன், 41 ஸ்டீல் (பந்து வீசப்படும்போதே அடுத்த பேஸுக்கு ஓடிப் பிடிப்பது). இன்னும் ஒரு ஹோம் ரன் அடித்தால் ஒரே பருவத்தில் 40 ஹோம் ரன்னும் 40 ஸ்டீலும் எடுத்தவர்களின் 40-40 பட்டியலில் அவர் ஏழாவது ஆளாகச் சேருவார். அந்தப் பட்டியலில் இடம்பெறும் முதல் மூன்றாம் பேஸ் ஆட்டக்காரராகவும் இருப்பார். எங்கள் ஊரில், அவருடைய கிளீவ்லாந்து அணிக்கும் ஹூஸ்டனுக்கும் ஆட்டம். மழை. சமையலறை ஜன்னலுக்கு வெளியே வைத்திருந்த புதினாத் தொட்டி நிரம்பி வழிந்துகொண்டிருந்ததை, ரேடியோவை அணைக்காமல், வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். இரு அணிகளும் தத்தம் மண்டலப் பிரிவில் முன்பே முதலிடம் பெற்றுவிட்டதால், அந்த ஆட்டத்தை வேறொரு நாளில் ஆடவேண்டிய தேவையும் இல்லை, ரத்து செய்துவிட்டார்கள். அவருக்கு ஒரு ஹோம் ரன் குறைந்தது, எனக்கு அரைப் புள்ளி குறைந்தது.

இதை வயிற்றெரிச்சலுக்காக மட்டும் எழுதவில்லை. என் வரிசையின் முதல் பெயர் ஏன் அவருடையது என்பதற்கும் இந்தக் கதை வேண்டும். மூலைக்காரர் என்றால் உடல் பருத்த, ஓடத் தெரியாத, பந்தை மட்டும் வெளியே அனுப்புகிற ஆள் என்று நாம் வைத்திருந்த பழைய கணக்கு இப்போது செல்லாது. 2023இல் பேஸ்களின் அளவை 15 அங்குலத்திலிருந்து 18 அங்குலமாக்கி, பந்துவீச்சாளர் ஓட்டக்காரரை மடக்க முயல்வதற்கும் வரம்பு வைத்தார்கள். அதன் பிறகு, 2022இல் மேஜர் லீக் (அமெரிக்காவின் முதன்மை பேஸ்பால் போட்டி) முழுவதும் 2,486 ஆக இருந்த ஸ்டீல் 2023இல் 3,503 ஆகவும், இந்த ஆண்டு 3,617 ஆகவும் உயர்ந்துவிட்டது. ஹோம் ரன்னோ சென்ற ஆண்டின் 5,868இலிருந்து 5,453 ஆக இறங்கியது. ஸ்டீல் எங்கும் மலிந்து கிடக்கிறதே, அதற்கு எதற்குக் காசு என்று நீ கேட்பாய். நம் ஆட்டத்தில் மொத்தம் எவ்வளவு என்பது கணக்கே அல்ல, மற்ற பதினொரு அணிகளைவிட எவ்வளவு கூட என்பதே கணக்கு. எல்லோரும் ஓடுகிற காலத்தில் உன் இரண்டு மூலைகளும் நின்றுகொண்டிருந்தால், அந்தக் குறையை அவுட்ஃபீல்டில் (வெளிக்களத்தில்) காசு கொட்டித்தான் நிரப்ப வேண்டும். ராமிரஸ் 118 ஆர்பிஐ (தன் அடியால் அணிக்கு வந்த ரன்), 114 ரன், .279 சராசரி ஆகியவற்றோடு அந்த 41 ஸ்டீலையும் ஒரே இடத்திலிருந்து தருகிறார். வயது 32 என்பதுதான் உறுத்தல். சென்ற ஆண்டு அவரே 24 ஹோம் ரன்னும் 28 ஸ்டீலும்தான் எடுத்தார் என்பதையும் நான் மறைக்கவில்லை. இருந்தாலும் 44 டாலர் வரை தயங்காமல் போகலாம்.

இரண்டாவது விளாடிமிர் கெரேரோ ஜூனியர். இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் வாய்ப்புக்கு எத்தனை ஹிட் (பேஸை எட்டவைக்கும் அடி) என்ற சராசரியை நீ எப்போதும் இளக்காரமாகப் பார்ப்பவன். இந்த ஆண்டு மேஜர் லீக் முழுவதற்குமான சராசரி .243. கெரேரோ 616 வாய்ப்பில் 199 ஹிட் எடுத்து .323இல் முடித்தார். அதே 616 வாய்ப்பைச் சராசரி ஆட்டக்காரர் ஒருவரிடம் கொடுத்திருந்தால் ஏறத்தாழ 150 ஹிட்தான் வந்திருக்கும். நம் பதினான்கு மட்டையாளர்களுக்கும் சேர்த்து ஒரு பருவத்தில் சுமார் 7,000 வாய்ப்பு என்று வைத்துக்கொள். கூடுதலாக வந்த அந்த 49 ஹிட் மட்டுமே நம் அணியின் சராசரியை .007, அதாவது ஏழு புள்ளி, தூக்கிவிடும். சென்ற செப்டம்பர் பட்டியலை எடுத்துப் பார், நம் லீக்கில் நான்காவது இடத்துக்கும் எட்டாவது இடத்துக்கும் நடுவே இருந்த வித்தியாசமே ஏழு புள்ளி. அதோடு 30 ஹோம் ரன், 103 ஆர்பிஐ. வயது 25தான். 2021இல் 48 ஹோம் ரன் அடித்தவர் 2023இல் 26க்கு இறங்கியதைக் காட்டி நீ பயமுறுத்துவாய் என்று தெரியும். அந்த 26ஐத்தான் நான் அடிமட்டம் என்று எடுத்துக்கொள்கிறேன். இவர் இந்த ஆண்டு சில ஆட்டங்களில் மூன்றாம் பேஸிலும் நின்றார். ஒருவரை ஓர் இடத்துக்கு எடுக்க நம் விதிப்படி அவர் அங்கே 20 ஆட்டம் ஆடியிருக்க வேண்டும் என்பதால் அந்த வசதி நமக்கில்லை.

மூன்றாவது பிரைஸ் ஹார்ப்பர். 30 ஹோம் ரன், .285. அவரைப் பற்றி உனக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு இருந்ததில்லை என்பதால் மேற்கொண்டு எழுதவில்லை.

இனி உன் பீட் அலோன்ஸோ. கோபப்படாமல் படி. அக்டோபர் 3 அன்று மில்வாக்கியில், ஒன்பதாவது இன்னிங்ஸில், டெவின் வில்லியம்ஸின் பந்தை அவர் வெளியே அனுப்பியபோது நீ தொலைபேசியில் போட்ட கூச்சல் இன்னும் என் காதில் இருக்கிறது. பருவம் முடிந்த பிறகு வந்த அந்த அடிக்கு நம் கணக்கில் ஒரு புள்ளி கிடையாது என்பதை அன்றைக்குச் சொல்ல மனம் வரவில்லை, இன்று சொல்கிறேன். 2022இல் 40 ஹோம் ரன், 131 ஆர்பிஐ, .271, 2023இல் 46 ஹோம் ரன், ஆனால் சராசரி .217, இந்த ஆண்டு 162 ஆட்டமும் ஆடி 34 ஹோம் ரன், 88 ஆர்பிஐ, .240. ஒரு நாள்கூட ஓய்வெடுக்காமல் வந்த எண்கள் இவை என்பதைக் கவனி. ஏதாவது ஒரு மாதம் காயத்தில் போனால் என்ன மிஞ்சும்? மேலும் அவர் இப்போது எந்த அணியிலும் இல்லை. எந்த மைதானத்தில், யாருக்குப் பின்னால் மட்டை பிடிக்கப் போகிறார் என்பது தெரிவதற்கு முன் விலை பேசுவது, ஊர் தெரியாமல் வீடு வாங்குவது போல. 21 டாலர் என்றால் சரி. நீ 30 வரை போவாய், அதனால்தான் ஏலத்தன்று இந்தப் பெயர் வரும்போது கையை உயர்த்தும் பொறுப்பு என்னிடம் இருக்க வேண்டும் என்கிறேன்.

அக்டோபர் மயக்கம் உனக்கு மட்டும் இல்லை. ஃப்ரெடி ஃப்ரீமனுடைய விலையும் அதே காரணத்தால் ஏறும் என்று நினைக்கிறேன். உலகத் தொடரின் முதல் ஆட்டத்தில், பத்தாவது இன்னிங்ஸில், பேஸ்களெல்லாம் நிரம்பியிருக்க அவர் அடித்தாரே, அதைப் பார்த்த எவரும் மார்ச் மாதம் அவர் பெயர் வரும்போது இரண்டு டாலர் கூடவே வைப்பார்கள். பருவத்தின் கணக்கு வேறு: 22 ஹோம் ரன், .282, முந்தைய ஆண்டின் 23 ஸ்டீலுக்குப் பதில் ஒன்பது. இந்தக் குறைவுக்கெல்லாம் வயதைக் காரணம் காட்டுவது நியாயமில்லை. கோடையில் அவருடைய மூன்றாவது மகன் கடுமையாக நோயுற்றதால் அணியை விட்டு விலகியிருந்தார். விரலில் முறிவோடு ஆடினார். பருவம் முடிய சில நாள் இருக்கும்போது கணுக்காலும் சுளுக்கிக்கொண்டது. இத்தனைக்கும் பிறகு .282 அடித்தவரை ஒதுக்க எனக்கு மனமில்லை. ஆனால் 35 வயதில், அந்தக் கணுக்காலோடு, 23 ஸ்டீல் திரும்பி வராது. 24 டாலர் வரை. அதற்கு மேல் அடுத்தவர் எடுத்துக்கொண்டு போகட்டும். மேட் ஓல்சனை இவருக்குச் சற்றுக் கீழே வைத்திருக்கிறேன். 2023இன் 54 ஹோம் ரன்னை மறந்துவிடு, இந்த ஆண்டின் 29ஐயும் நம்பாதே, நடுவில் எங்காவது நிற்பார். ஒரு ஆட்டத்தையும் தவறவிடாத ஆள் என்பது அவருக்கு என் கண்ணில் தனி மரியாதை.

மூன்றாம் பேஸில் இந்த ஆண்டு நடந்த முக்கியமான சேதி, ஆட்டக்காரர்களின் திறமையைப் பற்றியதே அல்ல, யாரை எந்த இடத்துக்கு எடுக்கலாம் என்ற தகுதியைப் பற்றியது. எல்லி டி லா குரூஸும் கன்னர் ஹெண்டர்சனும் முழுக்க ஷார்ட்ஸ்டாப்புக்கு (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நிற்கும் இடம்) போய்விட்டதால், ஓடவும் அடிக்கவும் தெரிந்த இருவர் நம் மூலையிலிருந்து மறைந்துவிட்டார்கள். அந்த இடத்தில் எதிர்பாராமல் வந்து விழுந்தவர் ஜாஸ் சிஸம் ஜூனியர். ஜூலை இறுதியில் மயாமி அணியிலிருந்து நியூயார்க் யாங்கீஸ் அணி வாங்கிவந்து, அதுவரை மேஜர் லீக்கில் அவர் நின்றிராத மூன்றாம் பேஸில் நிறுத்தினார்கள். அங்கே 46 ஆட்டத்தில் 11 ஹோம் ரன், 18 ஸ்டீல். பருவம் முழுவதும் சேர்த்து 24 ஹோம் ரன், 40 ஸ்டீல். இந்த 40ஐ ராமிரஸின் 41க்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நான் சொல்ல வருவது புரியும். குறையும் உண்டு: 2022இல் 60 ஆட்டம், 2023இல் 97 ஆட்டம் மட்டுமே ஆடியவர், இந்த ஆண்டின் 147தான் அவருக்கு இதுவரை அதிகபட்சம். ராமிரஸ் கைநழுவினால் 28 டாலருக்கு இவர், கிடைத்தால் இவர் வேண்டாம். இருவரையும் வாங்கிவிட்டு ஆர்பிஐக்கு அலைகிற நிலைமை நமக்கு வரக்கூடாது.

மனி மச்சாடோவைப் பற்றி நீ எழுதியிருந்தது சரி. முழங்கை அறுவை சிகிச்சைக்குப் பிறகு பருவத் தொடக்கத்தில் களத்தில் நிற்காமல் மட்டை மட்டும் பிடித்தார், முடிவில் 29 ஹோம் ரன், 105 ஆர்பிஐ, 11 ஸ்டீல். ரஃபேல் டெவர்ஸையும் அதே படியில் வைக்கலாம், தோள் வலி தீர்ந்ததா என்று பிப்ரவரியில் கேட்டுக்கொண்டு. நான் உண்மையில் ஆசைப்படுவது ஆஸ்டின் ரைலி மேல்தான். 2021இலிருந்து முறையே 33, 38, 37 ஹோம் ரன் அடித்தவர், ஆகஸ்டில் பந்து கையில் பட்டு எலும்பு முறிந்ததால் 110 ஆட்டத்தில் 19 ஹோம் ரன்னோடு நின்றுவிட்டார். கடைசிப் பருவத்தின் எண்களை மட்டும் பார்த்து வருகிறவர்கள் அவரை 18 டாலருக்குத் தாண்டிப் போவார்கள். வயது 27.

மூன்றாமவர் இடத்துக்கு யாரை வைப்பது என்பதில் உன் யோசனையோடு எனக்கு உடன்பாடு இல்லை. லூயிஸ் அராயஸ் மூன்று ஆண்டுகளாக மூன்று வெவ்வேறு அணிகளில் சராசரிப் பட்டத்தை வென்றிருக்கிறார், இந்த ஆண்டு 29 முறை மட்டுமே ஸ்ட்ரைக் அவுட் ஆனார், பார்க்க அழகுதான். ஆனால் முதல் பேஸில் நான்கே நான்கு ஹோம் ரன் எடுக்கிற ஆளை வைத்தால், அவர் ஏற்றிவைக்கும் சராசரியை விட்டுக்கொடுத்து வேறு இடத்தில் ஹோம் ரன் வாங்க வேண்டியிருக்கும். கெரேரோவை வாங்கிய பிறகு இவர் தேவையே இல்லை. நான் ஜாஷ் நேலரைச் சொல்வேன்: 31 ஹோம் ரன், 108 ஆர்பிஐ. எங்கள் ஊர்க்காரர் என்பதால் சொல்கிறேன் என்று நினைக்காதே, அந்த 108இல் பெரும்பங்கு ராமிரஸ் அவருக்கு முன்னால் பேஸில் நின்றதால் வந்தது என்பதும் தெரிந்தே சொல்கிறேன். அவரும் போய்விட்டால் மேட் சாப்மன், 27 ஹோம் ரன்னும் 15 ஸ்டீலும். உன் மார்க் வியென்டோஸை மூன்று டாலருக்குக் கடைசியில் எடுத்துக்கொள், அதற்கு நான் தடை சொல்லமாட்டேன்.

அலோன்ஸோ எந்த அணியில் கையெழுத்திடுகிறார் என்று தெரிந்ததும் கூப்பிடு. இதுவரை ஆடிவந்த நியூயார்க் மெட்ஸிலேயே தங்கினால் 21ஐ 23 ஆக்குவதைப் பற்றிப் பேசலாம், அதற்கு மேல் இல்லை. அம்மாவின் முழங்கால் எப்படியிருக்கிறது என்று நீ எழுதவே இல்லை. கோப்பையைச் சென்ற மாதமே அனுப்பியிருந்தேன். அடிப்பாகத்தில் என் பெயரை இரண்டு முறை செதுக்கிய இடத்துக்குக் கீழே உன் பெயரைச் செதுக்கும்போது, பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டுவை; அடுத்த ஆண்டு இரண்டு பெயர் எழுத வேண்டியிருக்கும்.

அன்புடன்,
உன் பழைய அறைத் தோழன்