காலக்கோட்டை ஐந்து மார்க் மனப்பாடமாக விட்டுவிடாதீர்கள்

தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்குச் சமூக அறிவியல் பாடநூல் எழுதும் குழுவினருக்கும், பத்தாம் வகுப்பு வினாத்தாள் அமைப்போருக்கும்,

வணக்கம். அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் வரலாறு நடத்தும் ஆசிரியை நான். காலக்கோட்டைப் பற்றி உங்களிடம் பேச வேண்டியிருக்கிறது.

பத்தாம் வகுப்பில் திருப்புதல் தொடங்கிவிட்டால் எல்லாப் பள்ளியிலும் ஒரே பேச்சுதான்: மேப்பையும் காலக்கோட்டையும் விட்டுவிடாதீர்கள், மார்க் உறுதி. மெல்லக் கற்கும் பிள்ளைகளுக்கு முதலில் கையில் கொடுப்பதும் இந்த இரண்டைத்தான். பிள்ளைகளும் சமர்த்தாகப் படிக்கிறார்கள். ஸ்கேலை வைத்து ஒரு கோடு இழுப்பார்கள். அதில் சம இடைவெளியில் ஐந்து சின்னக் கோடுகள். கீழே 1905 வங்கப் பிரிவினை, 1906 முஸ்லிம் லீக், 1916 லக்னோ ஒப்பந்தம், 1919 ஜாலியன்வாலாபாக், 1920 ஒத்துழையாமை இயக்கம். 1905-க்கும் 1906-க்கும் நடுவில் ஒரு வருடம். 1906-க்கும் 1916-க்கும் நடுவில் பத்து வருடம். விடைத்தாளில் இரண்டுமே இரண்டு விரற்கடைதான். முழு மதிப்பெண் விழுந்துவிடும்.

இதைக் காலக்கோடு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பட்டியலைப் படுக்கப் போட்டிருக்கிறோம், அவ்வளவுதான். எது எதற்கு எவ்வளவு முன்னால், எது நடக்கும்போது வேறு எங்கே என்ன நடந்தது என்ற இரண்டையும் கண்ணால் பார்க்கத்தான் காலக்கோடு. முதலாவது அளவு வைத்து வரைந்தால் வரும். இரண்டாவது, ஒரு கோட்டுக்குப் பதில் பல வரிசைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தால் வரும். இரண்டாவதுதான் உலக வரலாற்றுக்கு உயிர். அதைத்தான் நாம் பிள்ளைகளுக்குக் கொடுக்கவே இல்லை.

1799-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டினம் விழுந்தது, திப்பு கொல்லப்பட்டார். அக்டோபரில் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். அதே மாதம் ஓர் உடன்படிக்கையின் வழியாகத் தஞ்சை அரசின் நிர்வாகம் கம்பெனியின் கைக்குப் போனது. நவம்பர் 9 அன்று பாரிஸில் நெப்போலியன் ஆட்சியைப் பிடித்தார். டிசம்பரில் அமெரிக்காவில் ஜார்ஜ் வாஷிங்டன் இறந்தார். அந்த ஆண்டின் கடைசி நாளோடு, பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் கோட்டை கட்டி வியாபாரம் செய்த டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி முடிவுக்கு வந்தது.

நம் புத்தகத்தில் இவை எங்கெங்கே இருக்கின்றன? மைசூர்ப் போர் எட்டாம் வகுப்பில். பிரெஞ்சுப் புரட்சி ஒன்பதாம் வகுப்பில். கட்டபொம்மன் எட்டில் ஒருமுறை, பத்தில் ஒருமுறை. பிள்ளையின் மனதில் திப்பு ஒரு காலத்து ஆள், கட்டபொம்மன் வேறொரு காலத்து ஆள், நெப்போலியன் எந்தக் காலத்திலும் சேராத வெளிநாட்டு ஆள்.

எங்கள் ஒன்பதாம் வகுப்பில் சுவர் நீளத்துக்குக் கொடிக்கயிறுகள் கட்டி, துணி கிளிப்பில் அட்டைகளை மாட்டுகிறோம். மேல் கயிறு தமிழகம், அடுத்தது இந்தியாவின் மற்ற பகுதிகள், அதற்கும் கீழே ஐரோப்பா, சீனாவும் ஜப்பானும், ஆப்பிரிக்கா, அமெரிக்கா. நெப்போலியன் அட்டையை மாட்டப் போன மாணவி, நேர் மேலே கட்டபொம்மன் தொங்குவதைப் பார்த்துவிட்டு நின்றாள். "மிஸ், ரெண்டும் ஒரே வருஷமா? தப்பா எழுதிட்டோமா?" என்று கேட்டாள். புத்தகத்தை எடுத்துச் சரிபார்த்தார்கள். சரியாகத்தான் இருந்தது. பின் பெஞ்சிலிருந்து ஒரு பையன், "அப்போ வெள்ளைக்காரன் ஒரே நேரத்துல எத்தனை பேரோட சண்டை போட்டான்?" என்றான்.

எந்த புக் பேக் கேள்வியிலும் இது இல்லை. ஆனால் அந்தப் பாடத்துக்கு இதைவிட நல்ல கேள்வி இருக்க முடியாது. பதில் தேடினால் பாதி உலகம் வருகிறது. 1798-இல் அயர்லாந்தில் கிளர்ச்சி. அதே ஆண்டு ஜூலையில் நெப்போலியன் எகிப்தில் இறங்குகிறார். அங்கிருந்து திப்புவுக்குக் கடிதம் எழுதுகிறார். அந்த ஆண்டுதான் கவர்னர் ஜெனரலாக வந்த வெல்லெஸ்லி, பிரெஞ்சுக்காரர் வந்துவிடுவார்கள் என்ற அச்சத்தைக் காட்டி மைசூர்மேல் படையெடுக்கிறார். ஸ்ரீரங்கப்பட்டினம் விழுந்ததும் தெற்கே கம்பெனிக்குக் கை ஒழிகிறது. செப்டம்பரில் கம்பெனியின் படைத் தளபதி பானர்மேன் பாஞ்சாலங்குறிச்சிக்கு வருகிறார்.

நெப்போலியன் எகிப்துக்கு வந்ததால்தான் கட்டபொம்மன் தூக்கில் ஏறினார் என்று நான் சொல்லவில்லை. வரி பாக்கி, ஜாக்சன் துரையோடு இராமநாதபுரத்தில் நடந்த மோதல், பாளையக்காரர்களின் கூட்டணி எல்லாம் உள்ளூர்க் காரணங்கள், அவை அங்கேயே இருக்கின்றன. ஆனால் கம்பெனி ஏன் அந்த வருடம் அவ்வளவு வேகம் காட்டியது என்ற கேள்விக்கு உள்ளூரில் மட்டும் பதில் கிடைக்காது. ஒரே காலத்தில் நடந்ததெல்லாம் ஒன்றுக்கொன்று காரணம் ஆகிவிடாது என்பதையும் பிள்ளைகள் இங்கேதான் கற்கிறார்கள். வாஷிங்டன் இறந்ததற்கும் கயத்தாற்றுக்கும் சம்பந்தம் இல்லை. திப்புவுக்கு நெப்போலியன் எழுதிய கடிதத்துக்குச் சம்பந்தம் உண்டு. பிரித்துப் பார்க்கச் சொன்னால் பதின்மூன்று பதினான்கு வயதுப் பிள்ளைகள் அழகாகவே பிரிக்கிறார்கள்.

இப்படி வரைவது புதிய யோசனை ஒன்றும் இல்லை. அறிவியல் புத்தகத்தில் ஆக்சிஜன் பாடத்தில் வரும் ஜோசப் பிரீஸ்ட்லி, இங்கிலாந்தில் வாரிங்டன் என்ற ஊரில் ஆசிரியராக இருந்தவர். 1765-இல் சுமார் 2000 பேரின் வாழ்நாட்களை ஒரே அளவில், ஆளுக்கு ஒரு கோடாக, ஒரே தாளில் அச்சிட்டார். 1769-இல் அரசுகளுக்கும் பேரரசுகளுக்கும் அதேபோல் இன்னொரு படம் போட்டார். யார் யாருக்குச் சமகாலத்தவர் என்று மாணவர்கள் ஒரு பார்வையில் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதே நோக்கம். பிறந்த ஆண்டோ இறந்த ஆண்டோ உறுதியாகத் தெரியாத இடத்தில் அவர் கோட்டை முழுதாகப் போடவில்லை, புள்ளிகளாக வைத்தார். அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடிக்கும், நமக்கு அது அவசியமும்கூட. சங்க காலத்தை ஒரு புள்ளியாக எப்படி வைப்பது? பொ.ஆ.மு. (கி.மு.) 300 முதல் பொ.ஆ. (கி.பி.) 300 வரை ஒரு பட்டையாகத்தான் வைக்க வேண்டும், அதுவும் ஓரங்களில் வண்ணம் மங்கும்படி. எது உறுதி, எது ஏறக்குறைய என்பதை ஆறாம் வகுப்பிலேயே பிள்ளைகள் கண்ணால் பார்த்துவிட்டால், பின்னால் யார் எந்த ஆண்டைச் சொன்னாலும் "எப்படித் தெரியும்?" என்று கேட்பார்கள்.

பட்டைகள் இன்னொரு விதத்திலும் தேவை. போரும் பட்டாபிஷேகமும் ஒரு நாளில் முடிகிற விஷயங்கள், அதனால் புள்ளியாக ஏறிவிடுகின்றன. பஞ்சம், அடிமை வணிகம், கொள்ளைநோய், ஆட்கள் கூட்டம் கூட்டமாக ஊர் பெயர்ந்தது, இவையெல்லாம் வருடக்கணக்கில் நடந்தவை. புள்ளி மட்டும் வைத்தால் இவை படத்திலேயே வராது.

நம் பாட்டிமார் தாது வருடப் பஞ்சம் என்று சொன்னது 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடியது. அதைப் பட்டையாக மாட்டிவிட்டுக் கீழே பாருங்கள். ஏறக்குறைய அதே ஆண்டுகளில் வட சீனாவில் பெரும் பஞ்சம். பிரேசிலின் வடகிழக்கில் கொடும் வறட்சி. மூன்று இடத்திலும் மக்கள் லட்சக்கணக்கில் செத்தார்கள். மழை ஒரே சமயத்தில் பொய்த்ததற்கு எல் நினோ என்ற பசிபிக் கடல் வெப்பமாற்றம் காரணம் என்று புவியியல் ஆசிரியர் வந்து சொல்லலாம். அப்புறம் இந்தியக் கயிற்றில் அந்தப் பட்டைக்கு நடுவே ஒரு புள்ளி வருகிறது: 1877 ஜனவரி 1, விக்டோரியாவைப் பேரரசியாக அறிவிக்க வைஸ்ராய் லிட்டன் நடத்திய டெல்லி தர்பார். தானிய ஏற்றுமதியும் நிற்கவில்லை. மழை பொய்த்தது இயற்கை, மக்கள் அவ்வளவு பேர் செத்தது இயற்கை மட்டும்தானா என்ற கேள்வியை நான் கேட்க வேண்டியதே இல்லை. பட்டையையும் புள்ளியையும் பார்த்தால் பிள்ளைகளே கேட்டுவிடுகிறார்கள்.

பத்தாம் வகுப்புக்கு 1919 ஒன்றே போதும். அளவு இங்கே மாற வேண்டும், ஒரு மாதத்துக்கு 10 சென்டிமீட்டர். மார்ச் 1, கொரியாவில் ஜப்பானிய ஆட்சிக்கு எதிராக விடுதலை அறிவிப்பு. அதே மாதம், எகிப்தின் தேசியத் தலைவர் சாத் சக்லுலைப் பிரிட்டிஷார் கைது செய்து மால்டாவுக்கு அனுப்பியதும் எகிப்து கொந்தளிக்கிறது. ஏப்ரல் 6, ரௌலட் சட்டத்துக்கு எதிராகக் கடையடைப்பு. ஏப்ரல் 13, ஜாலியன்வாலாபாக். மே 4, சீனாவின் ஷான்டுங் பகுதியில் ஜெர்மனி வைத்திருந்த உரிமைகளை ஜப்பானுக்குக் கொடுப்பதை எதிர்த்துப் பெய்ஜிங் மாணவர்கள் தெருவுக்கு வருகிறார்கள். இவ்வளவும் நடக்கும்போது பாரிஸில் சமாதான மாநாடு உட்கார்ந்திருக்கிறது. ஜூன் 28 அன்று வெர்சாய் ஒப்பந்தம் கையெழுத்தாகிறது, சீனா கையெழுத்துப் போட மறுக்கிறது. நம் புத்தகத்தில் வெர்சாய் முதல் உலகப்போர்ப் பாடத்தில், ஜாலியன்வாலாபாக் காந்தியக் காலப் பாடத்தில். நடுவில் மற்ற பாடங்கள். இரண்டுக்கும் இடையே இருந்தது பதினொரு வாரம் என்று எந்தப் பிள்ளைக்கும் தோன்றாது. தன்னாட்சி என்ற சொல் ஐரோப்பாவுக்கு மட்டும் பொருந்தி, மற்றவர்களுக்குப் பொருந்தாமல் போன வருடம் அது என்பதும் தோன்றாது.

நடைமுறைக்கு வருகிறேன். சுவரில் எப்போதும் தொங்கும் கயிறுகளுக்கு இரண்டு அளவு போதும். பத்து ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் என்றால் 5000 ஆண்டுகள் 5 மீட்டருக்குள் அடங்கும். ஓராண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் என்றால் 1500 முதல் 2000 வரை அதே 5 மீட்டர். ஒரு வகுப்பறைச் சுவர் தாங்கும். முதல் கயிற்றின் கடைசி அரை மீட்டர்தான் இரண்டாவது கயிறு முழுவதும் என்று தெரிந்ததும் பிள்ளைகளுக்குக் காலத்தின் நீளம் பிடிபடுகிறது. அசோகர் பொ.ஆ.மு. 268 முதல் 232 வரை ஆண்டார் என்றால், 232 சின்ன எண், அதுதானே முதலில் வரும் என்று குழம்பும் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் கயிற்றில் ஒருமுறை நடந்தால் போதும். சார்ட் பேப்பர், கயிறு, கிளிப். இதற்கு ஸ்மார்ட் போர்டு வேண்டாம்.

போர்ஷன் முடிக்கவே நேரமில்லை என்று சக ஆசிரியர்கள் சொல்வார்கள். அது நியாயமான கவலை. ஆனால் இதைத் தனிப் பாடவேளையாக நடத்த வேண்டாம். ஒவ்வொரு பாடம் முடியும்போதும் அட்டைகள் ஏறட்டும், வருடம் போகப் போகக் கயிறு நிறையும். வருடங்களை உருப்போடுவதா வரலாறு என்று இன்னொரு பக்கம் கேட்பார்கள். உருப்போடுவதை எதிர்த்துத்தான் நானும் எழுதுகிறேன். ஆண்டுகளைக் கையில் கொடுத்துவிடுங்கள், அவற்றை வைத்து யோசிக்கச் சொல்லுங்கள்.

எந்தக் கயிறு மேலே என்பதிலும் கவனம் வேண்டும். ஐரோப்பாவை எப்போதும் மேலே வைத்தால் மற்றவர்கள் அதற்குப் பின்னால் ஓடுவதுபோல் இருக்கும். எங்கள் வகுப்பில் ஆப்பிரிக்கக் கயிறு பல மாதம் வெறுமையாகவே தொங்கியது. ஐரோப்பியர் பங்கு போட்டதற்கு முன் புத்தகத்திலிருந்து மாட்ட அதிகம் கிடைக்கவில்லை. மாலியின் மன்னர் மான்சா மூசா 1324-இல் மெக்காவுக்குப் போனதையும், 1896-இல் அட்வாவில் எத்தியோப்பியர்கள் இத்தாலியப் படையைத் தோற்கடித்ததையும் வெளியிலிருந்து தேடித்தான் மாட்டினோம். புத்தகத்தில் எங்கே ஓட்டை என்று பார்க்க உங்களுக்கும் இந்தக் கயிறு உதவும்.

என் கோரிக்கைகளுக்கு வருகிறேன். ஆறு முதல் பத்து வரை எல்லா வரலாற்றுப் புத்தகத்தின் பின்னாலும் மடித்து விரிக்கும் காலப்பட்டை ஒன்றை, ஒரே அளவில், ஒரே வண்ணக் குறிகளோடு அச்சிடுங்கள். தமிழகம், இந்தியா, உலகம் என்று குறைந்தது மூன்று வரிசை இருக்கட்டும். ஒவ்வொரு பாடத்தின் ஓரத்திலும் "இதே காலத்தில்" என்று சின்னக் கட்டம் ஒன்று போடுங்கள். பாளையக்காரர் பாடத்தில் எகிப்து வரட்டும், பிரெஞ்சுப் புரட்சியில் ஸ்ரீரங்கப்பட்டினம் வரட்டும்.

இவற்றுக்கு அடுத்த பதிப்பு வரை காத்திருக்கலாம். வினாத்தாளுக்குக் காத்திருக்க வேண்டாம், ஏனென்றால் தேர்வில் கேட்பதைத்தான் வகுப்பில் நடத்துவார்கள். இப்படிக் கேட்கலாம்: 1914 முதல் 1924 வரை, ஓராண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில், மேலே இந்தியா, கீழே உலகம் என இரு வரிசைக் காலக்கோடு வரைக. ஆண்டுகளுடன் தரப்பட்டுள்ள எட்டு நிகழ்வுகளை உரிய இடத்தில் குறிக்க. இரு வரிசைகளிலிருந்தும் அருகருகே நிற்கும் இரண்டைத் தேர்ந்து, ஒன்று மற்றொன்றைப் பாதித்ததா எனக் காரணத்துடன் மூன்று வரிகளில் எழுதுக. கலீபாவுக்கு ஆதரவாக இந்தியாவில் நடந்த கிலாபத் இயக்கத்தையும் துருக்கியில் 1924-இல் கலீபா பதவி ஒழிக்கப்பட்டதையும் எட்டில் வைத்தால், நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கு யோசிக்க நிறைய இருக்கும். அளவு பார்த்துச் சரியாகக் குறிக்கிற பிள்ளைக்கும் பாதி மார்க்குக்குக் குறையாமல் கிடைக்கும், பாஸ் மார்க்குக்குக் காலக்கோட்டை நம்பி இருக்கிற யாரும் இதனால் நஷ்டப்பட மாட்டார்கள். அந்த மூன்று வரிகளுக்கு ஒரே விடை இருக்காது என்பதால் விடைக்குறிப்பு எழுதுவதுதான் சிரமம். அந்த வேலைக்கு வகுப்பறையில் இருக்கிற ஆசிரியர்களையும் கூப்பிடுங்கள், வருகிறோம்.

இப்படிக்கு,
அரசு உயர்நிலைப் பள்ளி வரலாற்று ஆசிரியை ஒருவர்