ஒல்லியாகணும், சிவப்பாகணும்: பிள்ளைகளிடம் இதைச் சொல்வது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் பெண்கள் பக்கத்தில் வந்த 'பத்தே நாளில் இடை மெலிய' குறிப்பைப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். கேரளத்தில் தமிழக எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறையில் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். சாயந்திரம் வரும் பெண்களில் சிலரது பையில் மதியச் சோறு அப்படியே இருக்கிறது, மூடியைக்கூடத் திறப்பதில்லை. கேட்டால் "டயட் மிஸ்" என்கிறார்கள். போனில் பார்க்கும் ஜப்பான், கொரியா பெண்களைப் போல இருக்க வேண்டுமாம்.

சரி, அந்த ஜப்பானில் என்ன நிலைமை? அரசே எடுத்த 2019 ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில், இருபதுகளில் இருக்கும் பெண்களில் ஐந்தில் ஒருவர் எடை குறைந்தவர். சாப்பாட்டுக்குப் பஞ்சமே இல்லாத நாடு அது! உயரத்துக்கு ஏற்ற எடை இருக்கிறதா என்று காட்டும் பிஎம்ஐ கணக்கு 18.5க்குக் கீழே போனாலே குறைவு என்று டாக்டர்கள் சொல்ல, அங்கே 18ஐ 'சிண்டரெல்லா எடை' என்று பெயர் வைத்துக் கொண்டாடுகிறார்கள். பிறக்கும் குழந்தைகளில் சுமார் 9 சதவீதம் இரண்டரைக் கிலோகூட இல்லை, அதற்குத் தாய்மாரின் மெலிவும் ஒரு காரணம். ஒசாகாவில் ஒரு பள்ளி, பிறவியிலேயே பழுப்பு முடி உள்ள மாணவியைக் கறுப்புச் சாயம் அடித்துவரச் சொல்லி, அது 2017இல் வழக்காகவே போனது. எல்லாரும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று பெரியவர்கள் நினைத்தால் பிள்ளைகள் என்ன செய்வார்கள்?

நாமும் அதைத்தானே செய்கிறோம். கல்யாண வீட்டில் வயசுப் பெண்ணைப் பார்த்ததும் "என்ன கண்ணு, இப்படிக் கறுத்துட்டே" என்பதுதான் முதல் பேச்சு, அப்புறம்தான் படிப்பு. அந்தப் பெண் மறுநாளே லேபிள் இல்லாத கிரீமைத் தேடுகிறாள். பக்கத்து மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில் வெளுப்பாக்கும் கிரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரகம் பாதித்த செய்தி 2023இல் வந்ததே, காரணம் அதிலிருந்த பாதரசம்தான். கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 'ஆபரேஷன் சௌந்தர்யா' சோதனையில் பிடித்த அழகுசாதனச் சரக்கிலும் பாதரசம் இருந்தது. இதெல்லாம் மலையாளப் பத்திரிகையில் விரிவாக வருகிறது, எல்லையில் தமிழ் மட்டும் படிக்கும் எங்கள் தாய்மாருக்குப் போய்ச் சேருவதில்லை.

அதனால் அந்த மெலியும் குறிப்புகளை நிறுத்திவிட்டு, எந்த கிரீமில் என்ன ஆபத்து, பதினாறு வயசுப் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு சாப்பாடு வேண்டும் என்று ஒரு டாக்டரை எழுதச் சொல்லுங்கள். பள்ளி பி.டி.ஏ. கூட்டத்தில் நானே நகலெடுத்துக் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு டியூஷன் ஆசிரியை,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்