கரண்டு வைப்பதற்கு முன் பல்லைக் காட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வாய்ப் புற்றுநோயைப் பற்றிப் பேச்சு வந்தாலே புகையிலையை விடுங்கள் என்பதோடு முடிந்துவிடுகிறது. விட வேண்டியதுதான், அதில் இரண்டாம் பேச்சு இல்லை. ஆனால் நோய் வந்துவிட்டது, மதுரைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார்கள், கரண்டு வைக்க, அதாவது கதிர்வீச்சு சிகிச்சைக்கு, தேதிக்காக வீட்டில் காத்திருக்கிறார் என்றால், அந்த இடைவெளியில் அவர் பல் டாக்டரைப் பார்க்க வேண்டும். எங்கள் கரையோரத்தில் இதை யாரும் எடுத்துச் சொல்லி நான் கேட்டதில்லை.

என் மச்சான் பாம்பனில் விசைப்படகுக்குப் போனவர். கன்னத்தில் புற்று. ஆபரேஷன் முடிந்து, கதிர்வீச்சும் முடிந்து, ஆள் நன்றாகத் தேறிவிட்டார். அடுத்த வருஷம் கீழ்க் கடைவாய்ப் பல் ஆடுகிறது என்று ஒரு கிளினிக்கில் பிடுங்கினார்கள். கரண்டு வைத்த வாயா என்று அங்கே கேட்கவில்லை. இவருக்கும் சொல்லத் தோன்றவில்லை. பிடுங்கிய குழி மூடவே இல்லை. மாதக்கணக்கில் சீழ். நாக்கால் தடவினால் தாடை எலும்பு சொரசொரவென்று தட்டுப்படுகிறது என்பார்.

கதிர்வீச்சு பட்ட தாடை எலும்பில் ரத்த ஓட்டம் குறைந்துவிடுகிறது. கீழ்த்தாடையில் இன்னும் மோசம். வருஷங்கள் போனாலும் அந்த ஆபத்து நீங்குவதில்லை. அதனால்தான் காப்பாற்ற முடியாத பல்லைக் கதிர்வீச்சு தொடங்குவதற்குக் குறைந்தது 2 வாரம் முன்பே எடுத்துவிடச் சொல்கிறார்கள், புண் ஆறிவிடும் என்று. சொத்தையை அடைப்பது, காரை எடுப்பது, கன்னத்தைக் குத்தும் பல்லை ராவிவிடுவது எல்லாம் அதே கையோடு செய்துவிடலாம். கட்டி இருக்கும் இடத்திலேயே ஆடும் பல்லை மட்டும் புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும் என்று பயப்படுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கண்ணுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

அப்புறம் எச்சில். 6, 7 வாரம் கதிர்வீச்சு நடப்பதற்குள் எச்சில் சுரப்பிகள் அடிபட்டு வாய் வறண்டுபோகும். பலருக்குப் பிறகும் பழையபடி ஊறுவதில்லை. எச்சில் இல்லாத வாயில் ஈறை ஒட்டிச் சுற்றிவரச் சொத்தை விழுந்து, நல்ல பல்கூட முறிந்துபோகும். இந்த நேரம் பார்த்து நாம் என்ன செய்கிறோம்? தொண்டைக்கு இதமாக இருக்கும் என்று பனங்கற்கண்டைக் கன்னத்தில் அடக்கிக்கொள்ளச் சொல்கிறோம். பனை நிறைந்த ஊர், வீட்டுக்கு வீடு டப்பாவில் கிடக்கும். பாசத்தில் தருவதுதான், ஆனாலும் கற்கண்டும் சர்க்கரைதானே. வறண்ட வாயில் அது கிடந்து கரைந்தால் பல் என்னத்துக்கு ஆகும்? அடிக்கடி ஒரு மடக்குத் தண்ணீர் போதும். மெத்தென்ற பிரஷ், மருத்துவர் எழுதித் தரும் ஃப்ளோரைடு ஜெல், ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் கால் டீஸ்பூன் ஆப்ப சோடாவும் அதில் பாதி உப்பும் கலந்து தினம் பல தடவை கொப்பளிப்பது, இவ்வளவுதான் செலவு. வாய் புண்ணாகிக் கிடக்கும் நாட்களில் முண்டு மிளகாய்க் குழம்பு வேண்டாம், எத்தனை ஆசையாக இருந்தாலும் சரி.

கீமோ ஏற்றுகிறவர்களுக்கும் இது பொருந்தும். வெள்ளணு குறைந்திருக்கும்போது ஒரு சொத்தைப் பல்லின் சீழ் உடம்பெல்லாம் பரவலாம். ஆகவே பல் வேலை எதற்கும் ரத்தப் பரிசோதனை பார்த்து, கீமோ தரும் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டே போக வேண்டும். புற்று எலும்புக்குப் பரவியதற்காக, எலும்பைக் காக்கும் ஸோலெட்ரானிக் ஆசிட் ஊசி போடப்போகிறவர்களும் முன்கூட்டியே பல்லைக் காட்டிவிடுவது நல்லது.

ராமேஸ்வரத்திலிருந்து மதுரை சுமார் 170 கிலோமீட்டர். பல்லுக்கென்று தனியாக ஒரு நடை அங்கே போக யாரால் முடியும்? ராமநாதபுரம் அரசு மருத்துவமனையிலேயே பல் பிரிவு இருக்கிறது. மதுரைக்கு எழுதும் சீட்டிலேயே ‘முதலில் பல் பிரிவு’ என்று ஒரு வரி சேர்த்து, அங்கே பார்த்ததற்குக் கையெழுத்தும் வாங்கிவரச் சொன்னால் போதும். புதுக் கட்டடமோ புது மெஷினோ தேவையில்லை. சிகிச்சை முடிந்து திரும்புகிறவர் கையில் ‘தாடையில் கதிர்வீச்சு பெற்றவர், பல் பிடுங்கும் முன் கேட்கவும்’ என்று தமிழில் ஓர் அட்டையும் கொடுக்கலாம்.

வாய்ப் பரிசோதனை முகாம் நடத்துகிறவர்கள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான மீன்பிடித் தடைக்காலத்தில் இறங்குதளத்திலேயே நடத்தட்டும். மற்ற மாதங்களில் வைத்தால் பெண்களும் பிள்ளைகளும்தான் வருவார்கள். போயிலை அடக்கும் ஆள் கடலில் இருப்பார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தங்கச்சிமடம்.