தறிச் சத்தத்தில் படித்த பாடம்

ஆசிரியருக்கு வணக்கம்.

பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு ‘ஒரே இடம், ஒரே நேரம், அமைதியான அறை’ என்று உங்கள் இதழில் யோசனை சொல்லியிருந்தீர்கள். சோமனூரில் அமைதியான அறைக்கு எங்கே போவது? எங்கள் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் எட்டு விசைத்தறி ஓடுகிறது. கைக்குழந்தையாக இருந்தபோது, கரண்ட் போய்த் தறி நின்றால்தான் என் மகள் தூக்கம் கலைந்து அழுவாள்.

இப்போது பிளஸ் டூ. அரையாண்டுத் தேர்வில் உயிரியல் காலை வாரிவிட்டது. “எல்லாம் படிச்சதுதான்ப்பா, ஹால்ல ஒண்ணுமே வரல” என்றாள். அன்று சாயங்காலம் தறி நாடாவில் தார் (ஊடைநூல் சுற்றிய கட்டை) மாற்றிக்கொண்டே அதே ஐந்து மார்க் கேள்வியைக் கேட்டேன். தறிச் சத்தத்துக்கு மேல் கத்திக் கடகடவென்று ஒப்பித்தாள்!

கல்லூரியில் உளவியல் நடத்தும் மச்சானிடம் சொன்னபோது சிரிக்காமல் கேட்டார். 1975-இல் கோடன், பேட்லி என்ற இருவர் ஸ்காட்லாந்துக் கடலில் முக்குளிப்பவர்களுக்கு 36 சொற்களைச் சொல்லிச் சோதித்தார்களாம். கரையில் கேட்டதைக் கரையிலேயே திருப்பிச் சொன்னபோது சராசரியாக 13.5 சொற்கள் வந்தன, தண்ணீருக்கடியில் 8.6தான். தண்ணீருக்கடியில் கேட்டது அங்கேயே 11.4, கரையேறியதும் 8.4. படித்த இடத்திலேயே கேட்டால் நினைவு கூடுதலாக வரும் என்பதுதான் இதன் சாரம்; 2021-இல் திரும்பச் செய்து பார்த்தபோது இந்த முடிவு வரவில்லை என்பதையும் மச்சான் மறைக்கவில்லை.

அதே இருவர் 1980-இல், கேட்ட சொல் எது என்று அடையாளம் மட்டும் காட்டச் சொன்னார்கள். அதில் இடம் மாறியும் வித்தியாசம் இல்லை. விடையைத் தேர்ந்தெடுக்கும் ஒரு மார்க் கேள்விகளில் என் மகள் தப்பித்தது அதனால்தானோ என்னவோ.

உங்கள் யோசனையில் ‘ஒரே இடம்’ என்பதைத்தான் நான் ஒப்பவில்லை. 1978-இல் அமெரிக்காவில் நடந்த சோதனையில், ஒரே அறையில் இருமுறை படித்தவர்களைவிட இரண்டு அறைகளில் படித்தவர்களுக்குத்தான் புது அறையில் கூடுதலாக நினைவு வந்தது. அப்புறம் நாங்களும் மாற்றிவிட்டோம். முதல் படிப்பு வீட்டில், திருப்பிப் பார்ப்பது மாரியம்மன் கோயில் திண்ணையில், ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா வீட்டு மொட்டைமாடியில். ஹாலில் பதில் வராவிட்டால் கண்ணை மூடி, படித்த இடத்தைச் சத்தத்தோடு நினைத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார் மச்சான். திருப்புதல் தேர்வில் பரவாயில்லை, முழுசாகச் சரியாகவில்லை.

பலருக்குப் பொதுத்தேர்வு மையம் வேறு பள்ளியில்தான் விழுகிறது. ஆனால் திருப்புதல் தேர்வெல்லாம் பழகிய வகுப்பறையில், பழகிய பெஞ்சில். அதில் ஒன்றையாவது பக்கத்துப் பள்ளியோடு பேசி, பிள்ளைகளை இடம் மாற்றி உட்காரவைத்து நடத்தலாம். பைசா செலவில்லை.

- விசைத்தறி நெசவாளர் ஒருவர், சோமனூர்