விமானத்தோட வால் நுனி அழகுக்காக இல்ல சார்

ஆசிரியர் சாருக்கு வணக்கம்.

ஞாயித்துக்கிழமை கேள்வி பதில் பகுதியில ஒரு வாசகர், விமானத்துக்கு விமானம் வால் நுனி ஏன் வேற வேற மாதிரி இருக்குன்னு கேட்டிருந்தார். "அது கம்பெனியோட அடையாளம்"னு ஒரே வரியில முடிச்சிட்டீங்க. காருக்கு வேணா அது சரியா இருக்கலாம். நாலு கிலோ குறைக்கிறதுக்கே தலைகீழா நிக்கிற விமானக் கம்பெனி ஆளுங்க, சும்மா அழகுக்காக ஒரு கோனை, அதான் அந்தக் கூம்பு மாதிரி வால் நுனியை, பின்னாடி தூக்கிட்டுத் திரிவாங்களா?

காத்தைக் கிழிக்க மூக்கு கூரா இருக்கணும்னுதான் எல்லாரும் நினைக்கிறோம். ஆனா ஒலி வேகத்துக்குக் கீழ பறக்கிற பயணிகள் விமானத்துக்கு மூக்கு மழுங்கலா இருந்தாலும் பெரிய நஷ்டம் இல்ல, விஷயம் எல்லாம் பின்னாடிதான். உடம்பை ஒட்டி வர்ற காத்து மெல்ல மெல்ல ஒண்ணு சேரணும், உடம்பு பொசுக்குன்னு முடிஞ்சா காத்து பிச்சுக்கிட்டு சுழல ஆரம்பிச்சிடும், அந்தச் சுழல் விமானத்தை பின்னாடி பிடிச்சு இழுக்கும், எரிபொருள் வீண். மீனைப் பாருங்க, தலைப்பக்கம் பருமன், வால்பக்கம் ஒடுக்கம்.

அப்போ ஊசி மாதிரி நீளமா விட வேண்டியதுதானேன்னா, எடை கூடும், அது போக டேக் ஆஃப்ல மூக்கு மேல போறப்போ வால் கீழ இறங்கி ரன்வேல உரசும். அதனாலதான் முதுகு கிட்டத்தட்ட நேரா இருக்க, வயித்துப்பக்கம் மட்டும் மேல ஏறிப்போகுது. நீளமான விமானத்துக்கு இந்தத் தலைவலி இன்னும் ஜாஸ்தி, போயிங் 777-300-ல வால் தரையில பட்டாலும் தாங்கிக்க ஒரு தனிக் கால் மாதிரியே வச்சிருக்காங்க.

இதுக்கு நடுவுல ஏபியு வேற. மெயின் இன்ஜின் ஓடாம நிக்கிறப்போ கரன்ட்டும் ஏசிக்குக் காத்தும் குடுக்கிற குட்டி இன்ஜின் அது. பெரும்பாலும் வால் கோனுக்குள்ளதான் இருக்கும், சத்தமும் சூடும் பயணிகளுக்கு எட்டாது. ஏர்பஸ் ஏ320 நிக்கிறப்போ நுனியில அந்த ஏபியுவோட புகை வெளிய போற ஓட்டை வட்டமா தெரியும், அதுக்குப் பின்னாடி காத்து கானல் மாதிரி நெளியும், பார்த்திருப்பீங்க. 777-ல அந்த ஓட்டை நுனியில இல்ல, இடது பக்கம் தள்ளி இருக்கு, நுனி ஸ்க்ரூடிரைவர் முனை மாதிரி சப்பையா முடியும். எம்டி-80 விமானங்கள்ல முதல்ல கூம்பாதான் இருந்துச்சு, அப்புறம் காத்து இழுவையைக் குறைக்க அவங்களும் சப்பை நுனிக்கு மாறினாங்க. ஒரே கம்பெனி, ஒரே விமானம், நுனி மட்டும் மாறிச்சு. இதுல அடையாளம் எங்க சார் வந்துச்சு?

ஏடிஆர் 72-ல ஏபியுவே கிடையாது, தரையில நிக்கிறப்போ வலது இன்ஜினோட ப்ரொப்பெல்லரை பிரேக் போட்டு நிறுத்திட்டு அந்த இன்ஜினையே ஓட்டி கரன்ட் எடுத்துக்குவாங்க, அதனால வால்ல புகைபோக்கிக்கு வேலையே இல்ல. ஃபோக்கர் 100-ல நுனியே ரெண்டா பிளந்து விரியும், காத்தைத் தடுத்து விமானத்தோட வேகத்தைக் குறைக்கிற ஏர் பிரேக் அதான். 737 மேக்ஸ்ல கோனை நீட்டி வடிவத்தை மாத்தினதால, பழைய 737-ல வால்பக்கம் காத்தை ஒழுங்குபடுத்த ஒட்டியிருந்த குட்டித் தகடுகளே தேவைப்படல.

எனக்கு ரொம்பப் பிடிச்சது டிசி-9. அதுல வால் கோன் ஒரு எமர்ஜென்சி வழி. பின்கதவைத் தாண்டி ஒரு குறுகலான நடைபாதை, கைப்பிடியை இழுத்தா கோன் மொத்தமா கழண்டு கீழ விழும், அந்த ஓட்டை வழியா சறுக்கிக்கிட்டு இறங்கலாம்.

இன்னொண்ணு, அந்தப் பதிலுக்கு நீங்க போட்டிருந்த படத்துல விமானத்தோட மூக்குதான் இருந்துச்சு. திருத்தம் போடுறப்பவாவது பின்பக்கம் எடுத்த படமாப் போடுங்க.

இப்படிக்கு,
உங்க பழைய வாசகன்